குழல் என்றுதான் கேட்டார்கள்

வெர்பிட்சா ஊரில் 1421ஆம் வருடக் கோடையிலிருந்து பதின்மூன்று வருடங்களுக்குச் செத்தவர்கள் ஊரைவிட்டுப் போகவில்லை. புதைக்காமல் விட்டதால் அல்ல. முறைப்படி குழி வெட்டி, பாதிரியார் ஜெபம் சொல்லி, மண் தள்ளி, கை கழுவிவிட்டுத்தான் எல்லோரும் வீடு திரும்பினார்கள். திரும்பி வந்து பார்த்தால் செத்தவர் அடுப்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பசி கிடையாது, தூக்கம் கிடையாது, குளிர் மட்டும் உண்டு. ஆகஸ்டு மாதத்து வெயிலிலும் அடுப்பை அணைக்க விடமாட்டார். அந்த வருடங்களில் ஊரைச் சுற்றியிருந்த காடு கால்வாசியாகக் குறைந்ததும், முக்காலி செய்கிற தச்சன் மாடி வைத்து வீடு கட்டியதும் இதனால்தான்.

காரணம் ஒன்றும் ரகசியம் இல்லை. ஊரில் சாவுமணி இல்லை. கோயிலின் பெரிய மணிகள் திருவிழாவுக்கும், தீப்பிடித்தால் ஊரைக் கூட்டுவதற்கும். சாவுமணி வேறு, முட்டைக்கோஸ் அளவு வெண்கலமணி, கோபுரத்தின் வடக்கு ஜன்னலில் தனியாகத் தொங்கும். யாராவது செத்தால் கயிற்றைப் பிடித்திருப்பவர் செத்தவர் பெயரைச் சொல்லி ஒரே ஒரு தரம் இழுக்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்டதும் உயிர் கிளம்பிப் போய்விடும். ஓர் அடிக்கு ஓர் உயிர், அவ்வளவுதான் கணக்கு. அந்த மணி கோயிலுக்கும் சொந்தமில்லை, ஊர் மன்றத்துக்கும் சொந்தமில்லை. கயிற்றுக்காரர் தன் கையால் முடிச்சை அவிழ்த்தால்தான் அதை இறக்கலாம் என்பது வழக்கம். வானெக் என்பவர் கயிற்றைப் பிடித்திருந்தார். அவர் ஏணியிலிருந்து விழுந்து செத்தபோது அவர் மனைவி ஓஃப்காவே மேலே ஏறி அவர் பெயரைச் சொல்லி இழுத்தாள். அன்றிலிருந்து அவள்தான் கயிற்றுக்காரி. அவளுக்கு அனெஷ்கா என்று ஆறு வயதில் ஒரு மகள். ஊர்ப் பிள்ளைகள் எல்லோரையும் போல, வசந்தகாலத்தில் வில்லோ மரக் கிளையின் பட்டையைத் தட்டிக் கழற்றிக் குழல் செய்து, காது கிழிகிற மாதிரி ஊதிக்கொண்டு திரிவாள்.

அந்தக் கோடையில் தளபதி ஸ்மில் நாற்பது போர்வண்டிகளோடு வந்தார். அவருடைய ஆட்கள் ஒருவரையொருவர் சகோதரா என்றும், ஊர்ப் பெண்களைச் சகோதரி என்றும் கூப்பிட்டார்கள். சகோதரி என்று ஆரம்பித்தால் எதையோ கேட்கப் போகிறார்கள் என்று அர்த்தம். பெரிய மணிகளை அவர்கள் கேட்கக்கூட இல்லை. இறக்கினார்கள், வண்டியில் ஏற்றினார்கள். சின்ன மணிக்கு மட்டும் வழக்கம் குறுக்கே நின்றதால் ஊர்த்தலைவர் மிகெஷைக் கூட்டிக்கொண்டு ஓஃப்கா வீட்டுக்கு வந்தார் ஸ்மில். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அந்த மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

"சகோதரி, அந்தச் சின்ன மணி எங்களுக்கு வேணும். ஒரு குழல் செய்யணும்" என்றார்.

"குழலா? அது எதுக்கு உங்களுக்கு?"

"நம்ம பசங்களுக்குத்தான். முன்னால ஒரு குழல் போச்சுன்னா பின்னால நூறு பேருக்குத் தைரியம் வரும்."

"சாவுமணி இல்லாம ஊரு என்ன பண்ணும்?"

"அறுப்பு முடியறதுக்குள்ள சண்டை முடிஞ்சிடும். திரும்ப உருக்கி மணியாவே குடுத்துடறோம். என் தலைமேல சத்தியம்."

நீண்ட கழியின் நுனியில் வெண்கலக் குழாய் ஒன்றைப் பொருத்தி, அதில் வெடிமருந்தைக் கெட்டித்து, சிவக்கக் காய்ந்த கம்பியால் பின் துளையில் தீ வைத்து ஈயக்குண்டைத் துப்ப வைக்கும் சாமானுக்கும் குழல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது அப்போது வெர்பிட்சாவுக்கு வந்து சேரவில்லை. அங்கே குழல் என்றால் ஊதுகிற குழல். சேனைக்கு முன்னால் நாலு பேர் குழல் ஊதிக்கொண்டு போவார்கள் போலிருக்கிறது என்று ஓஃப்கா நினைத்தாள். மிகெஷுக்கு மட்டும் விஷயம் தெரியும். பெரிய நகரத்துச் சந்தையில் அந்தச் சாமானைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர் அவர். அவர் தொண்டையைச் செருமினார், சுவரைப் பார்த்தார், வாயைத் திறக்கவில்லை. அனெஷ்கா அம்மாவின் பாவாடையைப் பிடித்து இழுத்து, "குடும்மா. மணி பாட்டுப் பாடட்டும்" என்றாள். ஓஃப்கா கோபுரத்தில் ஏறி, தன் கையாலேயே முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தாள்.

ஏழு வாரம் கழித்து அனெஷ்கா தொண்டை அடைத்துச் செத்துப்போனாள். மணி போன பிறகு ஊரில் விழுந்த முதல் சாவு அது. ஓஃப்கா பழக்கதோஷத்தில் கோபுரத்தின் தொண்ணூறு படிகளையும் ஏறிப் போய்க் கையை நீட்டினாள். கயிறு இல்லை. வடக்கு ஜன்னலில் காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. இறங்கி, பிள்ளையைப் புதைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அது தன்னுடைய குட்டை முக்காலியில் அடுப்போடு ஒட்டி உட்கார்ந்திருந்தது.

"அம்மா, குளுருதும்மா. மணி அடிச்சிட்டியா?"

அன்றைக்குக் கேட்ட அந்தக் கேள்வியைத்தான் பிள்ளை பதின்மூன்று வருடம் ஒவ்வொரு நாளும் கேட்டது. அழுது கேட்கவில்லை, அடம்பிடித்துக் கேட்கவில்லை. ரொட்டி வெந்துவிட்டதா என்று கேட்பதுபோலக் கேட்டது. அதுதான் ஓஃப்காவுக்குத் தாங்கவில்லை. செத்த பிள்ளை கூடவே இருந்தால் தாய்க்குச் சந்தோஷம்தானே என்று அக்கம்பக்கத்தில் இரண்டொரு வாய் பேசியது. பிள்ளையின் கை எப்படி இருக்கும் என்று தொட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்றாள் ஓஃப்கா. தொட்டுப் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு பேசவில்லை.

அறுப்பு முடிந்தது, சண்டை முடியவில்லை. அடுத்த அறுப்பும் முடிந்தது. மூன்றாவது வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, பீப்பாய் செய்கிற மாத்தேயின் செத்துப்போன மாமியார் மருமகனின் பீர் புளிக்கிறது என்று குறை சொல்லிக்கொண்டிருந்தவள், பாதிப் பேச்சில் காணாமல் போனாள். முக்காலிதான் மிச்சம். ஊரே கூடி அந்த முக்காலியைப் பார்த்தது. இரண்டு மாதம் கழித்து விடுப்பில் வந்த யீரா சொன்ன பிறகுதான் விஷயம் விளங்கியது. யீரா அந்த ஊர்ச் செருப்புத் தைக்கிறவரின் மகன். ஸ்மிலின் படையில் அந்தக் குழலைச் சுமப்பவன் அவன்தான். அதே செவ்வாய்க்கிழமை, எட்டு நாள் நடைதூரத்தில், குழலைத் துடைக்கும்போது கை தவறித் தீப்பட்டு, குண்டு குளத்தில் விழுந்ததாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையாம். மற்றக் குழல்கள் இடிமாதிரி வெடிக்கும், இது மட்டும் மணி மாதிரி அடிக்கும் என்றும் அவன் சொன்னான். எதிரிப் படையில் பாதிப் பேர் அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தொப்பியைக் கழற்றுகிறார்களாம்.

"மத்தவன் குழல் பத்துத் தரம் சுட்டா ஒரு தரம் படும். இது ஒரு தரம்கூடத் தப்பாதுக்கா. நான் வேணும்னே கோணலாப் பிடிச்சுப் பாத்தேன். அதுவாத் திரும்பிக்குது" என்றான் யீரா.

சாவு எந்த வீட்டில் என்று தேடிப் பழகிய மணி, சண்டையிலும் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. குண்டு ஒருவனைக் கொன்றால் மணி அடித்தது அவனுக்கு. ஓர் அடிக்கு ஓர் உயிர். எந்த நாட்டிலிருந்தோ கூலிக்கு வந்தவன், ஊர் பேர் தெரியாதவன், வெர்பிட்சாவின் மணிச் சத்தத்தில் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தான்; வெர்பிட்சாவின் பிள்ளை அடுப்படியில் நடுங்கிக்கொண்டிருந்தது. குண்டு யாரையும் கொல்லாமல் வீணாய்ப் போனால்தான் ஊருக்கு ஒரு முறை கிடைக்கும், அதுவும் பெயர் சொல்லாததால் யாருக்குக் கிடைக்கும் என்று தெரியாது. அதற்குப் பிறகு இரண்டே இரண்டு தரம்தான் அப்படிக் கை தவறி வெடித்தது. ஒரு தரம் குயவர் ஒருவர் போனார், இன்னொரு தரம் மாட்டுத் தரகர் ஒருவர். இரண்டு தரமும் ஓஃப்கா தன் வீட்டு முக்காலியை ஓடிவந்து பார்த்தாள். இரண்டு தரமும், "மணி அடிச்சிட்டியாம்மா?"

ஆறாவது வருடம் அவள் படை முகாமுக்கு நடந்தே போனாள். பத்து நாள் நடை. ஸ்மில் வண்டி நிழலில் உட்கார்ந்து பட்டாணிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். மணியைத் திருப்பிக் கேட்கவில்லை அவள். வானத்தைப் பார்த்து ஒரே ஒரு தரம், அனெஷ்கா என்று பெயர் சொல்லி அடித்தால் போதும் என்றாள். மருந்து கிடைப்பது குதிரைக்கொம்பாக இருக்கிறது, வானத்தில் எதிரி யாரும் இல்லையே சகோதரி என்றார் ஸ்மில்.

"ஏமாத்தித்தானே வாங்கிட்டுப் போனீங்க."

"குழல்னுதான் கேட்டேன். குழல்தான் செஞ்சோம். இதுல பொய் எங்க இருக்கு? நீயாத்தான் முடிச்ச அவுத்துக் குடுத்த."

"ஊதுற குழல்னு நெனச்சேன்."

கஞ்சி புரைக்கேறும் அளவுக்குச் சிரித்தார். அந்தச் சிரிப்பு வண்டி வண்டியாகப் பரவிப் போனது. ஊதுற குழலாம் என்று ஒருவன் வாயைக் குவித்துக் காட்டினான், இன்னொருவன் ஈட்டியை வாயில் வைத்து விரலை ஆட்டினான். இதை எழுதும்போதும் வயிறு எரிகிறது. அந்த மனிதர் சொன்னதில் பொய் என்று ஒரு வார்த்தையைக்கூட எடுத்துக் காட்ட முடியாது, அதுதான் எரிச்சல். ஓஃப்கா அழுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் அழவில்லை. திரும்பி வந்த பத்து நாள் வழியும் பல்லைக் கடித்துக்கொண்டே நடந்ததில், ஊர் வந்து சேரும்போது கடைவாய்ப் பல் ஒன்று உடைந்திருந்தது. வீட்டுக்குப் போகுமுன் மிகெஷின் வாசலில் நின்று, "உனக்குத் தெரியும். தெரிஞ்சும் சுவத்தப் பாத்துக்கிட்டு நின்ன" என்று மட்டும் சொன்னாள். மிகெஷ் அந்தக் குளிர்காலத்தில் செத்தார். செத்த பிறகும் தன் வீட்டு அடுப்படியில் அதே சுவரைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தார்.

மீதி வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. செத்தவர்கள் நாற்பத்தேழு பேர் ஆனார்கள். அறுப்புக் காலத்தில் காலில் இடறினார்கள், பேரம் பேசும்போது இடையில் புகுந்து யோசனை சொன்னார்கள், ரொட்டிக்கடை அடுப்பைச் சுற்றி நின்றுகொண்டு வாங்க வந்தவர்களுக்கு வழிவிடாமல் மறித்தார்கள். அனெஷ்காவோடு விளையாடிய பிள்ளைகள் வளர்ந்து, கல்யாணமாகி, தங்கள் பிள்ளைகளை அவளோடு விளையாட விட்டார்கள். அவளுக்கு ஆறு வயதுதான். வசந்தகாலத்தில் பிள்ளைகள் குழல் செய்து கொடுத்தால் வாங்கி வாயில் வைப்பாள். ஊத மூச்சு இருக்காது. உடனே ஓஃப்காவைத் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பார்வையைப் பார்க்காமல் இருப்பதற்காக ஓஃப்கா வசந்தகாலத்தில் வீட்டுக்குள் இருப்பதையே விட்டுவிட்டாள்.

1434இல் சகோதரர்கள் எதிரிகளை விட்டுவிட்டு ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். அத்தோடு சண்டை முடிந்தது. சகோதரா சகோதரா என்று கூப்பிட்டுக்கொண்டே வெட்டினார்களா, நிறுத்திவிட்டு வெட்டினார்களா என்று இன்றுவரை தெளிவில்லை. யீரா அதில் செத்துப்போனான். வெர்பிட்சாக்காரன் ஆனதால் அவனும் போகாமல், கிளம்பி வீட்டைப் பார்க்க நடந்தான். செத்தவனை யாரும் தடுக்கவில்லை. ஆறு நாள் நடந்து, ஒரு வியாழக்கிழமை உச்சிவேளையில் ஊர்ச் சந்தைத் திடலில் வந்து நின்றான். தோளில் குழல் இருந்தது. கெட்டித்த மருந்தும் குண்டும் உள்ளே அப்படியே இருந்தன. தீ வைப்பதற்குள் அவனை வெட்டிவிட்டார்கள்.

"ஒரு தரத்துக்கு இருக்குக்கா. உன்கிட்டக் குடுக்கத்தான் வந்தேன்" என்றான்.

அவனுக்குப் பின்னாலேயே குதிரையில் ஸ்மில் வந்து சேர்ந்தார். ஜெயித்த பக்கம் எது என்று சரியான நேரத்தில் கண்டுபிடித்திருந்தார் அவர். புதுச் சட்டை, புதுப் பூட்ஸ். ஒவ்வொரு குழலும் இனிமேல் புதுப் பிரபுவுக்குச் சொந்தம், கீழே வை என்றார். அதற்குள் ஓஃப்கா குழலை வாங்கிக் கழியை அக்குளில் இடுக்கியிருந்தாள். ரொட்டிக்கடைக்காரி அடுப்பிலிருந்து சிவக்கக் காய்ந்த கம்பியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். அனெஷ்கா அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திடலைச் சுற்றி ஊர் நின்றது, செத்தவர்களும் சேர்த்து.

"குறி பாக்காத. வானத்தப் பாத்துப் பிடி" என்றான் யீரா.

வானத்தைப் பார்த்துத்தான் பிடித்தாள். குழல் மெதுவாகக் கீழே இறங்கியது, திரும்பியது, ஸ்மிலின் புதுச் சட்டையின் மூன்றாவது பொத்தானுக்கு நேரே வந்து நின்றது. சாவு எங்கே வேண்டும் என்று அதற்குத் தெரியும். ஓஃப்கா அதை மேலே தூக்கப் பார்த்தாள் என்று ஊரில் சொல்வார்கள். அது பொய். அவள் தூக்கவில்லை. பதின்மூன்று வருடமாக அவள் மனசில் இருந்ததும் அதே மூன்றாவது பொத்தான்தான். கம்பியைத் துளைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

ஸ்மில் கடிவாளத்தைப் பிடித்தபடி சிரித்தார். உதடு வெளுத்திருந்தாலும் சிரித்தார். "என்ன சகோதரி, ஊதத் தெரிஞ்சுக்கிட்டியா?"

அப்போதுதான் அனெஷ்கா, ரொட்டியைப் பற்றிக் கேட்கிற அதே குரலில், "அம்மா, மணிய இந்த மாமாவுக்கா அடிக்கப் போற?" என்று கேட்டாள்.

ஓஃப்காவின் கை நின்றது. சுட்டால் அவர் விழுவார், நிச்சயம் விழுவார். விழுந்தவுடன் மணி அவருக்காக அடிக்கும். பிள்ளைக்காக வைத்திருந்த ஒரே அடியை வாங்கிக்கொண்டு அந்த மனிதர் சுகமாகப் போய்ச் சேர்ந்துவிடுவார். இரண்டாம் தரமும் மணியை அவள் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தவள் ஆவாள். அவள் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். அதை இங்கே எழுத முடியாது. கழியை முழங்காலால் உந்தி, தோளைக் கொடுத்து, இறங்க மாட்டேன் என்கிற எருமையைக் குளத்தில் தள்ளுகிற மாதிரி மூச்சுப்பிடித்துத் தள்ளினாள். குழல் அங்குலம் அங்குலமாக மேலே போனது. பொத்தான், கழுத்து, தொப்பி, கோயில் கோபுரம், பிறகு வானம்.

"உனக்கு எதுக்குடா என் பிள்ள மணி" என்றாள். பிறகு, "அனெஷ்கா" என்று சொல்லிக் கம்பியை வைத்தாள்.

பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு வெர்பிட்சாவில் சாவுமணி ஒரு தரம் அடித்தது. பழைய சத்தம்தான், கொஞ்சமும் மாறவில்லை. உயிரோடு இருந்தவர்கள் எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். பாவாடையைப் பிடித்திருந்த கை விட்டது. ஓஃப்கா குனிந்து பார்த்தபோது பாவாடையில் ஐந்து சின்ன விரல் கசக்கிய சுருக்கம் மட்டும் இருந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்து, ஓவென்று அழுதாள். கோபம் போய்விட்டதா என்று பிற்பாடு கேட்டவர்களிடம், எதற்குப் போக வேண்டும் என்று திருப்பிக் கேட்டாள். அன்றைக்கு மேலே போன ஈயக்குண்டு இதுவரை கீழே வந்ததாகத் தகவல் இல்லை.

ஸ்மில் குழலை எடுத்துக்கொண்டு போகப் பார்த்தார். செத்தவர்கள், யீராவோடு சேர்த்து நாற்பத்தேழு பேரும், குதிரையைச் சுற்றி நின்றுகொண்டார்கள். அந்தக் குளிரில் குதிரை நகர மாட்டேன் என்றுவிட்டது. இறங்கி நடந்துதான் போனார். அடுத்த வருடம் புதுப் பிரபு அவருக்கு வெர்பிட்சா பாலத்துச் சுங்கச்சாவடியையே இனாமாகக் கொடுத்ததால் திரும்பி வந்து ஊர்க்காரராகவே ஆகிவிட்டார். ஊர் அதற்குள் மருந்து செய்யக் கற்றுக்கொண்டிருந்தது. கொட்டில் மண்ணைச் சுரண்டி, ஊறவைத்து, காய்ச்சி வெடியுப்பு எடுத்து, கரியும் கந்தகமும் சேர்த்தால், ஒரு குளிர்கால உழைப்புக்கு எட்டு ஒன்பது தரத்துக்குத் தேறும். குண்டு போடாமல், வானத்தைப் பார்த்து, பெயர் சொல்லி ஓஃப்கா அடிப்பாள். செத்த வரிசையிலேயே அனுப்பினாள். மிகெஷை மட்டும் வரிசையிலிருந்து எடுத்துக் கடைசியில் வைத்தாள். பதினோரு வருடம் ஆனது. ஒவ்வொரு தரமும் ஸ்மில் சாவடி ஜன்னலை இழுத்துச் சாத்திக்கொள்வார். மணியாகத் திரும்ப உருக்கலாமே என்று யாரோ சொன்னதற்கு, இன்னொருவன் வந்து இன்னொரு பேரைச் சொல்லிக் கேட்பான், இப்படியே இருக்கட்டும் என்றாள்.

மிகெஷும் கிளம்பிப் போன அதே வருடம், மார்ட்டின் திருநாள் விருந்தில் வாத்து எலும்பு தொண்டையில் சிக்கி ஸ்மில் செத்தார். நன்றாகவே புதைத்தார்கள். மறுநாள் காலையில் ஓஃப்கா வீட்டு வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மருந்து வீட்டில் இருந்தது. அவருக்கும் அது தெரியும்.

"சகோதரி, எனக்கு ஒரு தரம். ரொம்பக் குளுருது" என்றார்.

"என்ன வேணும் உங்களுக்கு?"

"அந்தக் குழல்."

ஓஃப்கா உள்ளே போனாள். பெட்டியைத் திறந்து, அனெஷ்கா ஆறு வயதில் செய்து, இருபத்து நாலு வருடத்தில் காய்ந்து வெடித்துப்போயிருந்த வில்லோக் குழலை எடுத்துவந்து அவர் கையில் வைத்தாள்.

"குழல்னுதானே கேட்டீங்க. ஊதிக்கோங்க."

அவளுக்குப் பிறகு குழலைப் பிடித்தவர்கள் யாரும் இந்த ஏற்பாட்டை மாற்றவில்லை. அவள் செத்தபோது ரொட்டிக்கடைக்காரி பெயர் சொல்லி அடித்தாள், ஓஃப்கா அந்த நிமிடமே போய்விட்டாள். ஸ்மில் பாலத்தில் உட்கார்ந்து குழலை வாயில் வைத்து ஊதுகிறார். மூச்சு இல்லாததால் சத்தம் வருவதில்லை. பழைய குழல் உதிர்ந்துபோனால், வசந்தகாலத்தில் பட்டை கழன்றுவரும் நேரத்தில், பிள்ளைகள் புதிதாக ஒன்று செய்து கொடுத்துவிடுகிறார்கள். ஊரில் யாரும் அவருக்குக் குறை வைப்பதில்லை. பாலத்தை இரண்டு தரம் இடித்துக் கட்டியாகிவிட்டது. வெர்பிட்சா வழியாக வண்டி ஓட்டுகிறவர்கள் அங்கே இடது ஓரமாகப் போக வேண்டும். வலது ஓரத்தில் அவர் இருக்கிறார்.